எடைமேடைக்காரரின் ஆயில் குச்சி

நெடுஞ்சாலையிலிருந்து சரக்குக் கிடங்குகளுக்குப் பிரிகிற ரோட்டில், திரும்பியதும் இடது கைப் பக்கம் அந்த எடைமேடை இருக்கிறது. லாரி முழுசாக ஏறி நிற்கிற இரும்புத் தளம், பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, அறைக்குள்ளே சிவப்பு எண்கள் ஒளிர்கிற ஒரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் நம் ஆள். பெயர் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. நேரில் ‘எடைக்காரர்’, முதுகுக்குப் பின்னால் ‘சந்தேகப் பிராணி’. இரண்டாவது பெயர் இருப்பதும் அவருக்குத் தெரியும். அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாரே தவிர வசவாக எடுத்துக்கொண்டதில்லை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பார்க்கிற வேலை அப்படி. காலி லாரியை எடை போட வரும்போது ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும் வழியிலேயே இறக்கிவைத்துவிட்டு வருவார்கள். சரக்கோடு வரும்போது ஏற்றிக்கொள்வார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போர்வைக்குள் இரண்டு தடியன்கள் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பார்கள். தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் பீப்பாய் இருக்கும். எல்லாம் எடையைக் கூட்டிக்காட்டத்தான். எடைக்காரர் ஒவ்வொரு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார், போர்வையைக் கம்பால் குத்திப் பார்ப்பார், குனிந்து அடிப்பக்கம் டார்ச் அடிப்பார். பிடிபட்டவனிடம் அவர் கத்துவதில்லை. ஒரே ஒரு வசனம்தான். அந்த ரோட்டில் ஓடுகிற எந்த டிரைவரைக் கேட்டாலும் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவான்.

“தானா கூடுற எடைன்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுப்பா. கூடியிருக்குன்னா, ஏத்தினவன் ஒருத்தன் இருப்பான்.”

எடைமேடைக்கு இது சரி. ஆனால் மனுஷன் சட்டையைக் கழற்றி மாட்டும்போது இந்த வசனத்தையும் சேர்த்துக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். அவர் அதை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடமாடினார். பால் பாக்கெட் கனமாக இருந்தாலும் சந்தேகம், லேசாக இருந்தாலும் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதற்குக் காரணம் தேடுவார். மனைவிக்கு ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. வருகிறவர்களின் பயத்தைப் பேசிப் பேசியே இறக்குகிறவள். அவளால்கூட இவருடைய சந்தேகத்தை இறக்க முடியவில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. மனைவியின் தம்பி. அவர்களுடைய அம்மா போனபோது அவன் சின்னப் பையன். அக்காதான் வளர்த்தாள். கல்யாணமானதும் அவனையும் கூட்டிக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தாள். இப்போது மாடியில் ஒற்றை அறை அவனுடையது. கார் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறான். ஒரு இஞ்சினின் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே இது எந்த வண்டிக்குச் சேரும், எதற்குச் சேராது என்று சொல்லிவிடுவான். அதுவும் எடைக்காரருக்கு உறுத்தியது. இவ்வளவு தெரிந்தவன் சும்மா இருப்பானா என்பது அவருடைய கணக்கு.

கார் வாங்கும் யோசனை மனைவியுடையது, வண்டியைத் தேடிப் பிடித்தது மைத்துனன். ஒருவர் ஓட்டி வைத்திருந்த டீசல் கார். வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பெண் பார்த்துவிட்டு வந்த தரகரைப்போல அவன் குணங்களை அடுக்கினான். ஒன்றரை லிட்டர் இஞ்சின், நாலு சிலிண்டர், ‘காமன் ரயில்’ என்கிற நவீன டீசல் அமைப்பு. இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவுக்குள் சின்னச் சின்ன இறக்கைகள் இருக்கின்றன, வேகத்துக்குத் தகுந்தபடி தானே திறந்து தானே மூடும், அதனால் மேட்டில்கூட முக்காமல் இழுக்கும். டீசலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. ஒன்றை மாற்றினால் புதிதின் குறியீட்டை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளாது. அப்புறம் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி. கரியெல்லாம் அதில் சேரும். நிறையச் சேர்ந்ததும் இஞ்சினே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, சூடேற்றி, அந்தக் கரியை எரித்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளும்.

“அந்த நேரத்துல விசிறி வேகமா ஓடும் மாமா, சத்தம் கொஞ்சம் மாறும், சூட்டு வாசனையும் வரும். பயந்து நிறுத்திடாதீங்க. அப்படியே கொஞ்ச தூரம் ஓட்டி முடிச்சிடுங்க. ஆயில் மட்டும் சாம்பல் குறைவா விடுற ஆயில்தான் ஊத்தணும், வேற ஊத்தினா வடிகட்டி அடைச்சிடும்” என்றான்.

அந்த ஆயில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார் எடைக்காரர். எங்கள் கடையிலேயே இருக்கிறது என்று அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்.

சொல்லியிருக்கக் கூடாது. எடைக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அப்படியா சங்கதி என்று தலையை மட்டும் ஆட்டினார். தன் கடைச் சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டார். அதைவிடப் பெரிய முடிச்சு இன்னொன்று. விசிறி ஓடும், சத்தம் மாறும், வாசனை வரும், கண்டுகொள்ளாதே என்று ஒருவன் முன்கூட்டியே எதற்காகச் சொல்லிவைக்க வேண்டும்? எடைமேடையில் ‘போர்வைக்குள்ள ஒண்ணும் இல்லீங்க’ என்று கேட்காமலே சொல்கிறவன் போர்வையைத்தானே அவர் முதலில் குத்துவார்?

எடைமேடைக்கு வந்துபோகிற ஒரு லாரி டிரைவர் மூலமாக ஒரு பெரிய டின் லாரி ஆயிலை வாங்கி, அதையே காருக்கும் ஊற்றச் செய்தார். கெட்டியான, கம்பீரமான ஆயில். டன் கணக்கில் சரக்கு இழுக்கிற வண்டிக்கே அது போதுமென்றால் இந்தச் சுண்டைக்காய் வண்டிக்குப் போதாதா? மைத்துனனுக்கு இது தெரியாது. கடையிலிருந்து அவன் கொண்டுவந்து கொடுத்த ஆயில், மூடி திறக்காமல் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது.

கார் தினமும் ஓடிய தூரம் கூப்பிடு தூரம்தான். வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து எடைமேடை, சாயங்காலம் அதே வழியில் திரும்பி. இஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்தியாகிவிடும். எப்போதாவது விசிறி ஓடுகிற சத்தம் கேட்டால் எடைக்காரர் அந்த இடத்திலேயே ஓரம்கட்டி, இஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பார். எதுவும் பிடிபடாது. நன்றாக ஆறவிட்டு மறுபடி எடுப்பார். டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு வந்து வந்து போனது. அதையும் அவர் நம்பவில்லை. அது ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் பிடித்துக்கொடுக்க வண்டிக்குள் உட்கார வைத்திருக்கிற தரகன் என்று விளக்கம் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் உதிரிபாகக் கடை முதலாளி எடைமேடைக்கு வந்தார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் உள்ளேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் போய்விட்டது, இனித் தினமும் கடைக்கு வர முடியாது, பொறுப்பை ஒருத்தர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வந்தார்.

“உங்க மச்சான் கையில கடைச் சாவியைக் குடுக்கலாம்னு இருக்கேன். பின்னாடி கடையே அவனோடதா ஆனாலும் ஆகலாம், எனக்கு யாரு இருக்கா. ஆனா நான் அவனைக் கவுன்ட்டர்ல மட்டும்தான் பாக்குறேன். நீங்க ஒரே வீட்டுல இருக்கீங்க. ஊரையே சந்தேகப்படுற ஆள் நீங்க. நீங்க ஒருத்தனைச் சரின்னு சொல்லிட்டா எனக்கு வேற சாட்சி வேண்டாம்.”

எடைக்காரருக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. தன் சந்தேகத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ‘சரி’ என்ற இரண்டெழுத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்கிற ஆளாகிவிடுவோமே! கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று முதலாளியை அனுப்பினார்.

வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மைத்துனன் எதுவும் கேட்கவில்லை, மாடிப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் இவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பான், அவ்வளவுதான். மனைவிதான் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்ல இத்தனை நாளா, அவனைக் குழந்தையிலிருந்து பார்க்கிறீர்கள், இன்னும் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். அவர் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தார். காலையில் எழுந்ததும் காரின் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி செருகி, உருவிப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஆயில் குறைகிறதா, எவனாவது எடுக்கிறானா என்று பார்ப்பதற்காக ஆரம்பித்த வழக்கம். ஒரு காலை அந்தக் குச்சியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆயில் குறையவில்லை. கூடியிருந்தது. குச்சியில் போட்டிருக்கிற மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை அளவுக்கு ஏறி நின்றது.

துடைத்து இன்னொரு தடவை செருகிப் பார்த்தார், அதே அளவுதான். ஓடுகிற இஞ்சினில் ஆயில் குறையும், குறைவதுதான் இயல்பு. கூடுமா? தானாகக் கூடுகிற எடை என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

ஏற்றியவனைத் தேட அவர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது சாவி அலமாரியில் கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் வேலையாக அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அளவு கூடிக்கொண்டே போனது. அடுத்து எடைமேடையிலிருந்து சீல் கொண்டுவந்தார். தராசுப் பெட்டியை யாரும் திறக்காமலிருக்க அதில் மெல்லிய கம்பி கோத்து, கம்பி முனையில் ஈய வில்லை வைத்து, இடுக்கியால் அழுத்தி முத்திரை போடுவார்கள். அதே கம்பி, அதே வில்லை, அதே முத்திரை. ஆயில் ஊற்றுகிற மூடிக்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று. தினமும் காலையில் குச்சியின் சீலை அறுத்து, அளவு பார்த்து, புதுசாக வேறு சீல் வைப்பார். உலகத்திலேயே முத்திரை வைத்த இஞ்சினோடு ஓடிய ஒரே கார் அதுவாகத்தான் இருக்கும்.

சீல் உடையவே இல்லை. ஆயில் கூடிக்கொண்டே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில், ‘அப்போது யாரும் ஊற்றவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்திருப்பார்கள். நம் ஆள், முத்திரையையே கள்ளத்தனமாகச் செய்கிற அளவுக்குப் போய்விட்டானே என்று மலைத்துப்போனார். எதற்காகச் செய்கிறான் என்பதற்கும் காரணம் வைத்திருந்தார், அதுவும் ஒன்றல்ல. இஞ்சினைக் கெடுத்தால்தானே டர்போ போகும், டர்போ போனால்தானே அவன் கடையில் வாங்க வேண்டும்? மறுநாள் இதே மூளை வேறு கதை கட்டும். வேலை நேரத்தில் கிளம்பிப் போய் உதிரிபாகக் கடைக்கு எதிரில் காரை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து மைத்துனனை வேவு பார்க்கவும் ஆரம்பித்தார். கால் மணி நேரம் பார்ப்பது, வண்டியைக் கிளப்பி அடுத்த முனைக்குப் போவது, மறுபடி நிறுத்துவது. பார்த்த வரைக்கும் அவன் பெல்ட்டும் பில்ட்டரும் விற்றுக்கொண்டிருந்தான்.

மனைவியிடம் ஒருநாள் விஷயத்தை உடைத்தார். அவள் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உலகத்துல எல்லார் மேலயும் சந்தேகப்படுறீங்க. உங்க மேல சந்தேகப்பட மட்டும் உங்களுக்கு நேரமே கிடைக்காதா?” என்றாள். அவன் மேல் பழி சொல்வதாக இருந்தால் கையில் ஆதாரத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள் என்றும் சொன்னாள்.

ஆதாரம் தேடித்தான் அவர் ‘டர்போ’வின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். டர்போ என்பது அங்கிருந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர். எதிராளி ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவன் நாலு வாக்கியம் பேசிவிடுவான். அதிசயமாக அன்று குறைவாகப் பேசினான். குச்சியை உருவி மோந்து பார்த்தான், ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தான், மறுபடி மோந்தான்.

“டீசல் கலந்திருக்கு சார்” என்றான்.

எடைக்காரர் கேட்க வந்தது அவ்வளவுதான். டர்போ கையைத் துடைத்துக்கொண்டே, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், விசிறி ஓடும்போது என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தான். அதற்குள் இவர் பானெட்டை அறைந்து மூடிவிட்டார். வண்டியைக் கிளப்பும்போது, இப்படியே ஓட்டாதீர்கள் சார் என்று அவன் பின்னாலேயே ஓடிவந்து சொன்னதும் காதில் ஏறவில்லை. நேராக உதிரிபாகக் கடை முதலாளியின் வீட்டுக்குப் போனார். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. சாவி கொடுக்க வேண்டாம், காரணம் கேட்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன் என்றார். முதலாளி முழங்காலைத் தடவிக்கொண்டார். நீங்களே சொன்னபிறகு அதற்குமேல் என்ன என்றார்.

திரும்பி வரும்போது எடைக்காரருக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைப்பானேன். பெரிய சரக்கு லாரியை மடக்கிப் பிடித்த நிம்மதி. வீட்டில் சொல்லவில்லை. தக்க நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவியின் சிநேகிதி வீட்டுக்குப் போகக் கிளம்பினார்கள். கார் வீட்டு முற்றத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். மாடிக் கைப்பிடியில் மைத்துனன் துவைத்த சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். எடைக்காரர் இஞ்சினைக் கிளப்பி, வண்டி கொஞ்சம் முக்குகிற மாதிரித் தெரியவே ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினார். காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை.

ஏறியது. முதலில் அவர் ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் காலால் தட்டினார். சத்தம் இன்னும் ஏறியது. பின்னால் கிளம்பிய வெள்ளைப் புகை முற்றத்தில் சுழன்று காரையே மூடியது. சாவியைத் திருப்பினார். இஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டார். ஒரு சாவி கையில், இன்னொரு சாவி சட்டைப் பையில், சாவியே இல்லாத வண்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. யாரோ ஓட்டுகிறார்கள் என்றுதான் அவருக்கு அந்த நிமிஷமும் தோன்றியது. திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார் என்றால் நம்புவீர்களா? பார்த்தார்.

மைத்துனன் படிகளில் இறங்கினானா குதித்தானா தெரியாது. அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து, பெல்ட்டை விடுவித்து, அவளை வெளியே இழுத்துச் சுவரோரம் தள்ளிவிட்டான். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து இவரையும் சட்டையோடு பிடித்து இழுத்தான். இவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களைப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. அவன் உள்ளே உட்கார்ந்தான். எந்த நேரமும் வெடித்துச் சிதறக்கூடிய இஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தான். கார் முன்னால் ஒரு முட்டு முட்டி, உலுக்கி, அடங்கியது. அப்புறம் வந்த அமைதியில் மூவருக்கும் காது ஊளையிட்டது. அவன் இறங்கிக் கதவைச் சாத்தினான். யாரும் வண்டியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

வண்டியைக் கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். டர்போ பானெட்டைத் திறந்தவன் ஈய வில்லைகளைப் பார்த்து விழித்தான். இது என்ன பார்ட் சார், எந்தக் கம்பெனி போட்டது, நான் பார்த்ததே இல்லையே என்று கேட்டான். எடைக்காரர் பானெட்டின் மறுபக்கம் நகர்ந்துகொண்டார். பக்கத்தில் நின்ற மைத்துனன் குனிந்து வில்லையில் இருந்த எடைமேடை முத்திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்தான், எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் தேவலாம் என்று எடைக்காரருக்கு இருந்தது.

அடியில் நட்டைக் கழற்றியதும் ஆயில் தண்ணீர் மாதிரி கொட்டியது. வைத்த பாத்திரம் நிரம்பி, இன்னொன்று வைக்க வேண்டியிருந்தது. இப்போது டர்போ தன் பேருக்கு ஏற்றபடி பேச ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் எடைக்காரர் முழுசாகக் கேட்டார். வடிகட்டியில் கரி சேர்ந்ததும் இஞ்சின் அதை எரிக்கக் கூடுதலாக டீசல் விடும். நடுவிலேயே அணைத்துவிட்டால் கரியும் எரியாது, விட்ட டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் போய்ச் சேரும். மறுபடி கிளப்பினால் மறுபடி எரிக்கப் பார்க்கும், மறுபடி அணைத்தால் மறுபடி சேரும். போதாததற்கு லாரி ஆயில் வேறு. அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கி, அது இன்னும் சீக்கிரம் அடைத்து, இஞ்சின் இன்னும் அடிக்கடி எரிக்கப் பார்த்திருக்கிறது. கடைசியில் ஆயில் பொங்கி, இஞ்சின் மூச்சு இழுக்கிற குழாய் வழியாக மேலே போய்விட்டது. டீசலே இல்லாமல் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அப்புறம் சாவியை எடுத்தால் எப்படி நிற்கும்?

“அப்ப யாரும் ஊத்தலையா?” என்றார் எடைக்காரர்.

“யாரும் ஊத்தல சார். வண்டியே ஊத்திக்கிச்சு. விசிறி ஓடும்போதெல்லாம் அணைச்சீங்க பாருங்க, நீங்கதான் ஊத்த வெச்சீங்க.”

தானாகக் கூடுகிற எடை உலகத்தில் ஒன்று இருந்தது. அதற்கு ஏற்றியவனும் இருந்தான். அந்த ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து எடைக்காரர் வெட்கப்பட்டார். வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்தவருக்குத் தன் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்து நடந்தே முதலாளி வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை கூப்பிடாமலே உட்கார்ந்தார். அன்றைக்குச் சொன்னது தப்பு, பையன் சொக்கத்தங்கம், என் உயிரையும் என் மனைவி உயிரையும் காப்பாற்றியவன், சாவியை அவனிடமே கொடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பாராட்டிப் பழக்கமில்லாத வாய், அதனால் கொஞ்சம் தூக்கலாகவே பாராட்டிவிட்டது.

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, ஏளனமும் இல்லை. வியாபாரி சரக்கைப் பார்க்கிற பார்வை.

“போன தடவை வந்தப்ப அவன் எடை ஒண்ணுமே இல்லைன்னீங்க. இன்னைக்கு இவ்வளவு கூடியிருக்கு. தானா கூடுற எடைன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?” என்றார். “வீட்டுல யாரு ஏத்திவிட்டாங்க?” என்று கேட்டார்.

எடைக்காரர் டீசல், வடிகட்டி, சாம்பல் என்று டர்போ சொன்னதையெல்லாம் சொல்லிப்பார்த்தார். அவர் வாயில் அது காது குத்துகிற கதை மாதிரித்தான் ஒலித்தது. அவரே எடைமேடையில் உட்கார்ந்து கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாவியைத் தன் அக்கா மகனிடம் கொடுத்தாயிற்று, அவனுக்குக் கடை தெரியாது, ஆனால் அவன்மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார்.

கார் திரும்பி வரச் சில வாரங்கள் ஆயின. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, இஞ்சினின் டர்போவைப் பரிசோதித்து, கிளட்ச் மாற்றி, படிக்கட்டுக்கு அடியில் கிடந்த மூடி திறக்காத ஆயிலையே ஊற்றினார்கள். மைத்துனன்தான் எடுத்துக்கொடுத்தான். அது ஏன் அங்கே அப்படியே கிடந்தது என்று அவன் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு நீள ஓட்டம் ஓட்டிக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் வடிகட்டி ஒழுங்காக எரிகிறதா என்று தெரியும் என்று டர்போ சொல்லியிருந்தான். எடைக்காரர் மைத்துனனைக் கூட வரச் சொன்னார். அவன் வந்தான்.

எடைமேடையைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு விசிறிச் சத்தம் கேட்டது. எடைக்காரரின் கை தன்னால் சாவிப்பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, கையைத் திருப்பி ஸ்டியரிங்கில் வைத்தார். சொல்வதானால் இப்போது சொல்ல வேண்டும்.

“மச்சான், கடைச் சாவி உன் கைக்கு வராம போனதுக்கு நான்தான் காரணம். நான்தான் போய் வேண்டாம்னு சொன்னேன்.”

“தெரியும் மாமா. நீங்க சொல்லிட்டுப் போன அன்னைக்கே முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு.”

ரோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே என்றால், மாடியில் அவன் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலைக்கு முன்னால். எடைக்காரருக்கு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“தெரிஞ்சுமா அன்னைக்கு ஓடி வந்தே?”

“அக்கா உள்ள இருந்தாங்க, மாமா.”

திரும்பி வரும் வழியில், வேறு ஊரில் ஒரு பெரிய கடையில் வேலை கிடைத்திருக்கிறது, மாத முதல் தேதி மாடி அறையைக் காலி செய்கிறேன், முதலாளியிடம் நீங்கள் போனதை அக்காவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றான். வீட்டு வாசலில் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு மாடிக்குப் போனான்.

அக்காவை இழுத்துச் சுவரோரம் தள்ளியது சரி. அப்புறம் சுற்றிக்கொண்டு வந்து தன் விரல்களைப் பிரித்து இறக்கினானே, அது யாருக்காக? கூப்பிட்டுக் கேட்டால் சொல்லிவிடுவான், அவன் பொய் சொல்கிறவன் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எடைக்காரருக்கு ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வாசலுக்கு வந்து, வந்தாயிற்றல்லவா, அணைத்துவிட்டு இறங்காமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

“கொஞ்சம் நில்லு. எரிஞ்சு முடியட்டும்” என்றார். “அப்புறம் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”